உம்

டெல்ரீன் ஜான்ஸ் கொண்டுவந்த பெடல்
கருவாட்டுப் பொதிபோல
பழைய பேப்பரில் சுற்றியிருந்தது.
எழுபத்திரண்டாம் ஆண்டுச் சாமான்,
கறள் ஏறிய பச்சைப் பெட்டி, ஒற்றைக் குமிழ்.
"மிதித்தால் உம் எண்டுது.
மிதிக்காட்டியும் உம் எண்டுது.
சனிக்கிழமை நீர்கொழும்பில கலியாணம்."
ஆயிரம் ரூபாவை மேசையில் வைத்தவள்
கதவடியில் நின்று திரும்பினாள்:
"அதிட குரலைத் திருத்திப்போடாதேயும்."

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் கடல்.
உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை:
ஜன்னல் கம்பி, சாவித் துவாரம், ஜாக்கின் உதடு.

அடப்டரைக் கழற்றிப் பட்டரி போட்டேன்.
உம்.
வயரை மாற்றினேன்.
உம்.
கிட்டாரின் தந்திகளில் உள்ளங்கையை வைத்தேன்.
அதிபர் வாசலில் நிற்கும் வகுப்புப்போல
சற்றே தணிந்தது.
கையை எடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் உம்மைக்கு எட்டுப் பொருள் எழுதவைத்தார்கள்.
எச்சம், முற்று, ஐயம், எண்,
மிச்சம் மறந்துபோயிற்று.
இது எண்ணும்மை என்றுதான் முதலில் நினைத்தேன்:
உப்பும் ஈரமும்
உள்ளே காய்ந்துபோன கொள்ளளவியும்
கொழும்பு வெக்கையில் கசியும் ஜெர்மானியம் இரண்டும்.
எல்லாரும் சேர்ந்து செய்த குற்றம்.

ஈர்க்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி
ஒவ்வோர் உறுப்பாகத் தட்டிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
கறுப்பு வயரின் காலடியில்
பொரிகடலைபோல் வெடித்தது.
ஈயம் செத்துச் சாம்பல் நிறமாய் இருந்தது.
சூடு வைத்தேன், புது ஈயம் கண்ணாடிபோல் ஓடியது.
பொரிச்சல் போய்விட்டது.
உம் போகவில்லை.

அதன் பிறகுதான் பிடிபட்டது:
கிட்டாரைக் கடல் பக்கம் திருப்பினால் மெலிகிறது,
தரையைப் பார்த்துப் படுக்கவைத்தால் தடிக்கிறது.

இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். இரவு பத்தரை.
நுஸ்கியா கதவை ஒரு சாண் திறந்தாள்.
தோளில் பிள்ளை, வாய் திறந்தபடி.
"மூணு நாளாக் காய்ச்சல். இப்பதான் கண்ண மூடினான்.
என்ன விஷயம்?"
அவளுக்குப் பின்னால் மூன்றில் சுழலும் விசிறி,
சுவரில் மஞ்சளான ரெகுலேட்டர்.
அதுதான்.
அதன் அதிர்வை என் கடைவாய்ப்பல் அடையாளம் கண்டது.
"ஒண்டுமில்லை. தண்ணி வருதோ எண்டு கேட்க வந்தனான்."
"வருதே."
"எனக்கும் வருது."
படியேறினேன்.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது.
காலி வீதி வரைக்கும் இருட்டு.
என் சோதனை அம்ப் சவர்க்காரக் கட்டி அளவு,
பட்டரியில் ஓடுவது.
மிதித்தேன்.

உம் இல்லை.

அடித்தந்தியை ஒருதரம் இழுத்தேன்.
தகரத்தை மெல்லமெல்லக் கிழிக்கும் ஒலி,
அந்தக் கிழிசலின் ஓரத்தில் ஒரு சூடு.
இதைத்தான் திருத்தாதே என்றிருக்கிறாள்.
ஒலி அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.
அடங்கிய இடத்தில்
கீழே பிள்ளை சிணுங்கினான்.
பிறகு வீறிட்டான்.
நுஸ்கியா எதையோ வீசும் சத்தம் கேட்டது,
அட்டையாக இருக்கவேண்டும்,
கை மாற்றும்போதெல்லாம் இடையில் நின்று நின்று.

பெடலை நிறுத்தினேன்.
தாய்பிள்ளை. இரவுபகல்.
உம்மைத்தொகையில் உம் வெளியே தெரியாது.
ஆனால் அதை எடுத்துவிட்டால்
இரண்டு சொல்லும் தனித்தனியே விழும்.
கரண்டே வந்து தொலை என்று
இருட்டில் ஈர்க்கை ஒடித்தபடி இருந்தேன்.

பன்னிரண்டு ஐந்து.
எங்கோ ஒரு குளிர்சாதனப் பெட்டி குலுங்கியது.
அழுகை ஒரு படி இறங்கி, இன்னொரு படி இறங்கி,
நின்றது.
மிதித்துப் பார்த்தேன்.
உம்.

காலையில் உள்ளீட்டுக்கு உறைபோட்ட வயர் இழுத்தேன்,
ஜாக்கைச் சுரண்டினேன், மூடியை முடுக்கினேன்.
டெல்ரீன் வந்தாள், பூப்போட்ட குடையை உதறியபடி.
"போயிட்டுதா?"
"நீர்கொழும்பில இராது."
"இங்க?"

கீழே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.