அரக்கோணத்துக்காரர்களுக்கு

ஆட்டம் ஞாயிறு மூன்றரைக்கு,
ரெஃப்ரி கைக்கடிகாரத்தில் அது நாலேகால்.
ஆனாலும் காலை பாசஞ்சரிலேயே ஏறிவிடுங்கள்.
திருவலம் பாலத்தில் கொடியை ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டாம்.
போன வருஷம் பறந்த உங்கள் பச்சைக் கொடி
இப்போது ஓர் எருமைக்காரர் தலையில் இருக்கிறது.
அவருக்கு எடுப்பாகவும் இருக்கிறது.

காட்பாடியில் இறங்கினால்
ஆட்டோக்காரர்கள் "சிஎம்சியா, சிஎம்சியா" என்பார்கள்.
கோபிக்காதீர்கள்.
இந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும்
ஏதோ ஓர் உறுப்பைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள்.
"இல்லண்ணா, ஃபுட்பால்" என்று சொல்லுங்கள்.
முகம் மாறும். வாடகையும் கொஞ்சம் குறையும்.

கடை பன்னிரண்டுக்குத் திறக்கும்.
ஸ்டேஷன் பக்கத்தில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் அதிகம்,
ஏன் என்று கேட்டால் முறைப்பு இலவசம்.
மேம்பாலத்துக்கு அடியில் உள்ள பாருக்குப் போகாதீர்கள்.
அது எங்களுடையது.
சுவரில் தொண்ணூற்றாறாம் வருஷத்து குரூப் போட்டோ,
அதில் குந்தியிருக்கும் இரண்டாவது ஆள்
இன்னமும் அங்கேயேதான் குந்தியிருக்கிறார்.
அவர் காதுபட ஆஃப்சைடு என்ற சொல் விழக் கூடாது.

விருதம்பட்டில், லாரி பட்டறைக்கு எதிரே இறங்கி
தணிகாசலம் என்று கேளுங்கள்.
நான்கு காலும் உள்ள நாற்காலியாகப் பார்த்துப் போடுவான்.
போட்டிக்கு முன்னால் போட்டி வறுவல்,
அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.
மாங்காய் நம்பலாம். சுண்டல் நேற்றையது.
ஆளுக்கு ஒரு குவார்ட்டரோடு நிறுத்துங்கள்,
மிச்சத்தை எங்கள் வெயில் ஊற்றிக் கொடுக்கும்.

மைதானத்தில் உங்களுக்கு
மேற்கைப் பார்த்த பக்கம்தான் ஒதுக்குவோம்.
ஐந்தரை வரை சூரியன் எங்கள் பன்னிரண்டாவது ஆட்டக்காரன்.
ஈரத்துண்டு கொண்டுவாருங்கள்.
ஆற்றில் தண்ணீர் இல்லை என்று பாட்டுக் கட்டாதீர்கள்,
அந்தக் கேலி எங்கள் சொந்தச் சொத்து.
கோலி இம்தியாஸை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள்,
காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் நிற்பான்.
தோல் நாற்றம் என்று மட்டும் வேண்டாம்.
உங்கள் பையன்கள் காலில் இருக்கும் பூட்ஸை மோந்து பாருங்கள்.
லைன்ஸ்மேன் முனிரத்தினம் எனக்கு மச்சான்.
அவன் கொடி தூக்கினால் அது எங்கள் குடும்ப விஷயம்,
நீங்கள் தலையிடக் கூடாது.

தோற்றால் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.
கத்திரிக்காயைக் கேட்டு வாங்க வேண்டும்.
ஜெயித்தால்
சில்க் மில் ஸ்டாப் தாண்டும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

போன வருஷம் திறந்தீர்கள்.
கல் விழுந்தது.
இருட்டில் எந்தப் பக்கமிருந்து என்று
போலீஸும் கேட்டது, கமிட்டியும் கேட்டது.
உங்களில் ஒருவர் மட்டும் அன்றைக்கு ஆட்டோவில்
"ஆமாம், சிஎம்சி" என்று சொல்ல வேண்டியிருந்தது.
புருவத்துக்கு மேலே மூன்று தையல்.
பெயர் தேவநேசன் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் அடித்துக்கொண்டிருந்த தப்பு
சாக்கடை ஓரத்தில் கிடந்தது.
எடுத்துவந்து துடைத்து வைத்தேன்.
வாரத்துக்கு ஒருமுறை வெயில் காட்டுகிறேன்.
என் மகள் கேட்கிறாள், ஒரே ஒரு அடி அடித்துப் பார்க்கிறேனே என்று.
கொடுக்கவில்லை.

இந்த முறை அவரையும் கூட்டிவாருங்கள்.
வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம்,
தப்பு என்னிடம்தான் இருக்கிறது என்று
இதே வார்த்தையில் சொல்லுங்கள்,
அவருக்குப் புரியலாம்.

திரும்பும் வண்டி எட்டு ஐம்பதுக்கு.
மூன்றாம் பிளாட்பாரம் என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள்,
ஐந்தில்தான் வரும்.
படிக்கட்டில் ஒரு விளக்கு எரியாது.
டார்ச்சோடு நான் நிற்பேன்.