குடுமி

பத்தொன்பது மடிப்பு.
விரல் விறைத்த காலையில் பதினேழு.
வட்டமாய்த் தேய்த்த மாவின் நடுவே
சீரகம், மிளகு, தண்ணீர் விட்டுப் பிசைந்த இறைச்சி ஒரு கரண்டி.
ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மேலே கூட்டி
ஒரு திருகு.
கின்காலிக்குக் குடுமி வந்துவிடும்.

பதினோரு வருடமாக
பசனௌரிக்கு வருகிறவர் போகிறவர்
எல்லோர் குடுமியும் என் கையில்.

தின்னத் தெரியாதவர்களுக்கு
நானுலி மேசைக்கு மேசை பாடம் எடுப்பாள்:
குடுமியைப் பிடி. தலைகீழாய்த் தூக்கு.
ஓரத்தில் சின்னதாய்க் கடி. முதலில் சாற்றை உறிஞ்சு.
முள்கரண்டியால் குத்தினாயோ
சாறு தட்டுக்கு, சக்கை உனக்கு.
குடுமியை மட்டும் தின்னாதே, அது வேகாது.
தட்டில் வை.
எத்தனை தின்றாய் என்று அதுதான் சாட்சி சொல்லும்.

ஆக,
நான் பாடுபட்ட இடம் மட்டும்
என்னிடமே திரும்பி வரும்.
கழுவும் தொட்டியருகே நின்று எண்ணுவேன்.
ஏழாம் மேசை: ஆளுக்கு இரண்டு. காதல்.
மூன்றாம் மேசை: முப்பத்தொன்று. பந்தயம்.
ஜன்னலோரத்தில் ஒரு தட்டில் இருபத்திரண்டு, எதிர்த்தட்டில் ஒன்று.
ஒன்று வைத்தவன்தான் காசு கொடுத்திருப்பான்.
பிறகு எல்லாம் வாளிக்கு.
வாளி குராமின் பன்றிகளுக்கு.

பிப்ரவரியில் கணவாய் மூடிவிட்டது.
மூன்று நாள்
சாலை நெடுக லாரிகள்
பனி போர்த்திய எருமைகளாய்ப் படுத்துக் கிடந்தன.
ஓட்டுநர்கள் உள்ளே வந்து காலுறையை அடுப்போரம் காயப்போட்டார்கள்.
வேலையற்ற வாய்
வீட்டுச் சாப்பாட்டைத்தானே பேசும்?

"மாட்டுக்கால் ராத்திரி முழுக்கக் கொதிக்கணும்,
விடியும்போது பூண்டு, நொறுக்கின லவாஷ் ரொட்டி.
கஷ் குடிக்காதவன்
குளிரைப் பற்றிப் பேசவே கூடாது" என்றான்
கியூம்ரிக்காரன் வார்த்கெஸ்.

"பக்லாவாவைக் காதால் தின்னணும்" என்றான் நெவ்ஸாத்,
"பல் பட்டதும் சத்தம் வரலையா, மூடிட்டுப் போகச் சொல்
அந்தக் கடையை."

ஐந்து விரலும் இறங்காத சாப்பாடு சாப்பாடே அல்ல
என்பது கஸாக் எர்போலின் கட்சி.
குதிரைக்கறி, அகல மாவுத்துண்டு, வெங்காயம்.
சொல்லும்போதே கை மேசைமேல் பிசைந்தது.

திராட்சை இலையில் சுருட்டிய தோல்மா
யார் வீட்டுச் சொத்து என்று
வார்த்கெஸும் நெவ்ஸாதும் நள்ளிரவு வரை.
"குதிரையைச் சுருட்ட முடியாது, என்னை விடுங்கள்"
என்று எர்போல் எழுந்துபோனான்.

அத்தனை நேரமும் தின்றது என்னவோ என்னுடையதை.
அன்று தொண்ணூற்றாறு குடுமி.

"உனக்கு எது பிடிக்கும்?" என்றார்கள் ஸினாய்டாவிடம்.
மால்டோவாக்காரி, லாரி நிறைய ஆரஞ்சு.
"சூடாக இருந்தால் போதும்."
சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, தின்றுகொண்டிருந்தாள்.

அவள் தட்டு வந்தது.
பத்து கேட்டிருந்தாள்.
தட்டில் கொஞ்சம் மிளகு. வேறு ஒன்றுமில்லை.

"பட்டிக்காடு! குடுமியையும் தின்றுவிட்டாளடி!"
நானுலிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
நான் தட்டைத் தண்ணீரில் போடாமல்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அடுக்களைத் துவாரத்தில் எட்டிப் பார்த்தேன்.
ஒரு குடுமியை விளக்குக்கு நேரே பிடித்திருந்தாள்.
உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.
பதினேழில் நின்றது.
மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.
வாயில் போட்டுக்கொண்டு
அடுத்ததை எடுத்தாள்.

நான்காம் நாள் சாலை திறந்தது.
போகும்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை,
அவளும்தான்.
கடைக்குப் பின்னே கறுப்பு அரக்வியும் வெள்ளை அரக்வியும்
சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம்
தனித்தனி நிறமாய் ஓடிக்கொண்டிருந்தன.

கடை சாத்தியபின் இரண்டு போட்டெடுத்தேன், எனக்கென்று.
சாற்றை உறிஞ்சி, இறைச்சியைத் தின்று,
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
குடுமியைக் கடித்தேன்.

நானுலி சொல்வது சரிதான்.
நடுவே வேகாத மாவு, கெட்டி, நன்றாகவே இல்லை.
மென்று விழுங்கினேன்.
இரண்டாவதின் மடிப்பை எண்ணத் தொடங்கினேன்.