இருநூறுக்கு மேல்

தபால் பிரிக்கும் கூடத்தில்
தேத்தண்ணி மெஷினுக்குப் பக்கத்தில்
ஒரு தாளை ஒட்டிவைத்தேன்.
ஓல்டனில் தொடங்கி மூன்று ஏரிகளைச் சுற்றித்
திரும்ப ஓல்டன், ஒரே நாளில்.
கிலோமீற்றருக்கு எவ்வளவு தருவீர்கள்?

வியோலெத்தா இருபது ராப்பன் எழுதினாள்.
டுவார்த்தே பத்து, பிறகு வெட்கப்பட்டுப் பதினைந்து.
ஸ்டூடர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நேரமெடுத்து எழுதினார்:
இருநூறு வரை ஒன்றுமில்லை.
இருநூறுக்கு மேல், கிலோமீற்றருக்கு ஐந்து பிராங்.
கூடமே சிரித்தது.
நானும்தான்.

எல்லோருக்கும் தெரியும்,
ஏப்ரலில்தான் சைக்கிள் வாங்கினேன்,
முதுகு வலித்த ஒரு பல் வைத்தியரிடம், பழசு.
பெடலோடு பூட்டும் சப்பாத்தைக் கழற்றத் தெரியாமல்
சிவப்பு விளக்கில் நின்றபடியே சரிந்து
பஸ்ஸுக்குக் காத்திருந்த சனத்துக்கு முன்னால்
மூட்டை மாதிரிக் கிடந்தேன்.
நாற்பத்தாறு வயது மூட்டை.
பஞ்சு வைத்த காற்சட்டையைப் பல்கனியில் காயப்போட
இவர் எழும்பிப் போய் யன்னல் திரையை இழுத்துவிட்டார்.

ஜூனில் அறுபது. ஓகஸ்டில் நூற்றிருபது.
அதற்கு மேல் போனதில்லை.

காசு,
பேர்ன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு.
மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்
இரவில் படுத்து எழும்ப.
எங்கள் காலத்தில் அந்த வீடு இல்லை.
மூன்று கதிரைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தேன்,
பதினொரு இரவு.
நடுக் கதிரைக்கு ஒரு கால் கட்டை.
தாளில் இதை எழுதவில்லை.

விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டேன்.
பீல் ஏரியைப் புகார் மூடியிருந்தது, சத்தம் மட்டும் கேட்டது.
நொசத்தேல் ஏரி முடியவே மாட்டேன் என்றது.
யிவெர்டோனில் உப்புப் போட்ட உருளைக்கிழங்கு இரண்டு.
முர்த்தனில் விரல் விறைத்து
போத்தலைப் பல்லால் திறந்தேன்.
ஆர்பேர்க்கில் சர்க்கரை ஆலை,
பீட் கிழங்கு அவியும் வாசம், சேறும் இனிப்பும்.
மீற்றர் இருநூற்றொன்று காட்டியது.
ஐந்து பிராங், என்றேன் சத்தமாய்.
ஒரு மாடு நிமிர்ந்து பார்த்தது.

பீஸ் காற்று வடகிழக்கிலிருந்து.
நான் போவதும் வடகிழக்கு.
பத்து. பதினைந்து. இருபது.
ஏற்றமா இறக்கமா என்று பார்க்கவில்லை,
ஸ்டூடரின் பையிலிருந்து
ஒவ்வொன்றாய் உருவிக்கொண்டிருந்தேன்.

சோலோத்தூர்னில் இருட்டிவிட்டது.
ரயில் ஏறினால் இருபது நிமிசம்.
பிளாட்போமில் வெளிச்சம், வாங்கில் ஆளில்லை.
பின்விளக்கின் பற்றரி செத்துவிட்டது.
குனிந்து அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது
சாம்பல் நிற ஸ்கோடா ஒன்று வந்து நின்றது.
நான் எங்கே நிற்கிறேன் என்று வியோலெத்தா
விடிந்ததிலிருந்து எல்லோருக்கும் அறிவித்தபடி இருந்திருக்கிறாள்.
கணக்குப் பார்க்க வந்திருக்கிறார், என்று நினைத்தேன்.
"பின்விளக்கு எரியவில்லை," என்றார் ஸ்டூடர்.
அவ்வளவுதான்.

முப்பத்தேழு கிலோமீற்றர்
எனக்குப் பின்னால் ஆமையாய் ஊர்ந்து வந்தார்,
மினுக்கும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு.
முன் சக்கரத்துக்கு முன்னால்
என் நிழல் நீண்டு ஓடியது.
அதைத் துரத்துவது மட்டும்தான் வேலை.
அவர் பிடித்த வெளிச்சத்தில்
அவர் கடன் ஐந்தைந்தாய் ஏறியது.
ஏகர்கிங்கனில் ஒருதரம் ஹோர்ன் அடித்தார்;
யன்னலால் சூப் போத்தல் நீண்டது.

ஓல்டன் ஸ்டேசனில்
இருநூற்றெழுபத்தெட்டு, புள்ளி ஆறு.
அப்படி இறங்க மனம் வரவில்லை.
கார் நிறுத்துமிடத்தைச் சுற்றத் தொடங்கினேன்.
அவர் எஞ்சினை அணைத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரல் மடக்கி எண்ணினார்.
எட்டாவது சுற்றில் இருநூற்றெண்பது.
நானூறு பிராங்.
"ரசீது வேண்டும்," என்றார், "வரிக்கு."

தலையாட்டினேன்.
காலைக் கழற்ற மறந்து
மெதுவாய், இடப்பக்கமாய்ச் சரிந்தேன்.
சைக்கிளோடு கிடந்தபடியே கேட்டேன்:
ரசீதில் போட முழுப்பெயர்?
பதினெட்டு வருசமாய் எனக்கு
வெறும் ஸ்டூடர்தான்.

"கொன்ராட்," என்றார்,
என் சப்பாத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே.