பன்னிரண்டு நிமிடத் தாமதம்

பழைய மதிப்பெண்களில்
ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள்:
வாள்வீச்சு.
மற்றதையெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டுமாம்.
நாற்பத்தோரு வருடத்துக்கு முன்
இரண்டாம் ஆண்டின் நடுவே நான் விட்டுப்போன நாடகப் பள்ளி
போர்ட்டோவின் அதே மேட்டுத் தெருவில்தான் இருக்கிறது.
மேடுதான் வளர்ந்திருக்கிறது.
இடைவெளிக்குக் காரணம்?
படிவத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.
'ரயில்' என்று எழுதினேன்.

முதல் வகுப்பு தரையில்.
எல்லாரும் மல்லாந்து படுத்தோம்.
படுப்பது சுலபம்.
எழுவதற்கு எனக்கு ஐந்து கட்டம்:
புரளல், முழங்கை, முட்டி, ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு இயாரா நீட்டும் கை.
அவளுக்குப் பத்தொன்பது வயது, நகங்களில் பாசிப் பச்சை.
டோனா டியோலிண்டா என்று கூப்பிட்டாள்.
இரண்டாம் வாரம் டோனா உதிர்ந்தது.
ஐந்தாம் வாரம் சிகரெட் கேட்டாள்.

என் முகம் இந்த ஊருக்குத் தெரியாது.
குரல் தெரியும்.
காம்பன்யா நிலையத்தில் முப்பத்தோரு வருடம்
பிராகா, அவெய்ரோ, ரேகுவா என்று
ஊர்களைக் கூவி அழைத்தவள் நான்.
கடைசியில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு
கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.
நான்கு நாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை.
ஊர்ப் பெயர்கள் தனியே,
எண்கள் தனியே, ஒன்று முதல் ஐம்பத்தொன்பது வரை,
'மன்னிக்கவும்' மட்டும் பதினேழு தடவை.
ஒலிப்பதிவுப் பையன் கெட்டிக்காரன்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
நான் விட்ட மூச்சுகளைத் திரையில் தேடித் தேடி
மீனில் முள் எடுப்பதுபோல் எடுத்தான்.
கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது என் குரல்.
நானே பாராட்டினேன்.

குரல் வகுப்பு எடுக்கும் வாஸ்கோவுக்கு
முப்பத்திரண்டு வயதிருக்கலாம்.
"பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள்,
மகன் வரவில்லை என்று."
சொன்னேன்.
வகுப்பே சிரித்தது.
ஒருவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
வண்டியைப் பிடிக்க ஓடுவதுபோல் கதவுவரை ஓடினான்.
நானும் சிரித்தேன்.
வாஸ்கோ சிரிக்கவில்லை.
"தொடலாமா?" என்று கேட்டு
என் விலாவில் இரண்டு விரல் வைத்தார்.
"இங்கே ஆளே இல்லையே" என்றார்.

'ரயில்' என்று எழுதியது பொய்.
காரணத்துக்கு இப்போது நாற்பது வயது.
லக்சம்பர்க்கில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறது.
மூன்று கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.
வாஸ்கோவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?
ஏதோ வாயில் வந்த வாக்கியத்தைக் கொடுத்திருக்கிறார்.

பால்கனியில் ஈரத்துணிகளுக்கு நடுவே நின்று
மூச்சுப் பழகினேன்.
நாலு எண்ணி உள்ளே, எட்டு எண்ணி வெளியே.
கீழ்வீட்டு ஃபிலோமினா
ஆஸ்துமாவுக்கு நல்ல மருத்துவர் இருக்கிறார் என்று
சீட்டில் எழுதி மின்தூக்கியில் ஒட்டினாள்.

ஒத்திகை முடியப் பத்தரை ஆயிற்று.
மழை. காம்பன்யாவில் நானும் இயாராவும்,
நடுவே ஒரு பொட்டலம் வறுத்த கஷ்கொட்டை.
ஒலிபெருக்கி கரகரத்தது:
ஐந்தாம் மேடைக்கு வரும் வண்டி
பன்னிரண்டு நிமிடம் தாமதம். மன்னிக்கவும்.
"ஏய், நீ!" என்று துள்ளினாள் இயாரா.
உற்றுக் கேட்டேன்.
'பன்னிரண்டு' செவ்வாய்க்கிழமை சொன்னது, லேசான சளி.
'நிமிடம்' வியாழன்.
இடையில் கத்தி பட்ட இடம்
எனக்கு மட்டும் கேட்டது.

கஷ்கொட்டைத் தோலைக் கீழே போட்டேன்.
என்னவோ விலாவுக்குள் நகர்ந்து இடம் பிடித்தது.
முதலில் மூச்சு வந்தது.
வெகுநேரம் கழித்து, அதன் பின்னால்,
"மகன் வரவில்லை."

இயாரா மெல்லுவதை நிறுத்தினாள்.
பயிற்சிதான் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
"எவ்வளவு நாளாக?" என்றாள்.

வண்டிக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.