துரு தெரியும் பிடி

பகலில் பல்லுக் கட்டுகிறேன்,
கொட்டாஞ்சேனையில், ஒரு டிஸ்பென்சரிக்கு மேல்மாடியில்.
இரவில் அதே மேசை, அதே அரம்:
பழைய சவரக்கத்திகளுக்குப் பிடி போடுகிறேன்.
வாய்க்குள் இருப்பதற்கும் கழுத்தில் போவதற்கும்
பிசிறு ஆகாது. மற்றப்படி
கைக்கு வித்தியாசம் தெரியாது.

ஸல்டின் கொண்டுவந்தது சோலிங்கன் அலகு.
கொம்பனித்தெருவில் வீட்டை இடித்தபோது
தகரப்பெட்டியில் அகப்பட்டதாம். இப்போது
பதினேழாம் மாடியில் இருக்கிறார்,
லிஃப்ட் வேலை செய்யும் நாட்களில்.
பிடி தேன் நிறம், நடுவில் புகை, மறுபடி தேன்.
"ஆமையோடு" என்றார்.
முகர்ந்தேன்.
கற்பூரம்.
ஆமை கோயிலுக்குப் போயிருக்காது, சேர்,
இது செலுலொயிட்.

பஞ்சையும் அமிலத்தையும் கற்பூரத்தையும் பிசைந்து
ஆமை என்று சொல்லி விற்றது.
வயது போகப் போகப் புளித்த மூச்சு விடும்.
மடித்து வைத்த அலகு
அதைத்தான் குடித்துக்கொண்டு கிடக்கும்.
பாருங்கள், வெளியே நீட்டிய வாலில் ஒன்றுமில்லை.
பிடிக்குள் இருந்த இடம் முழுக்க
அம்மைத் தழும்பு.

அடுத்த கிழமை பேப்பரில் சுற்றி
நாலு பியானோக் கட்டைகள் கொண்டுவந்தார். தந்தம்.
"யானை செத்தாலும் ஆயிரம் பொன்."
கோட்டில் அதைவிடக் கூடக் கேட்பார்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
உண்மையில் தந்தம் நகத்தின் கனம்தான், பிடிக்குக் காணாது.
அதோடு ஒன்றில் பென்சிலால்
யாரோ ஒரு பிள்ளை "இங்கே பெருவிரல்" என்று எழுதியிருந்தது.
அறுக்க மனமில்லை.
சட்டத்தை முன்னால் தள்ளிவிட்டு
நான் பின்னால் நின்றுகொண்டேன்.

எனக்கு ஆசை எருமைக்கொம்பில்.
சூடு காட்டினால் வளையும், ஈரக்கையிலும் வழுக்காது.
ஆனால் இது கொழும்பு.
வைகாசியில் என் சமையலறை உப்பே அழுகிறது.
கொம்பு தண்ணீர் குடிக்கும், முறுகும்;
முறுகிய பிடிக்குள் மடிக்கும்போது
கூர் போய்ச் சுவரில் உரசும்.
கருங்காலி ஒருதரம் போட்டுப் பார்த்தவள் நான்.
ஆணித் துவாரத்திலிருந்து நேராக வெடித்தது,
விடியப்புறம், சத்தத்துக்கு எழும்பினேன்.
பித்தளைத் தகடு தருவதாக மொரட்டுவையில் ஒருவர் சொன்னார்.
பாரம். நாடிக்குக் கீழே போகும் இடத்தில்
கை நடுங்கினால் யார் பொறுப்பு?

தேடிக் களைத்து மேசையில் முழங்கை வைத்தேன்,
போத்தல் உருண்டது.
பல்லுக் கம்பிக்கு நான் தினமும் ஊற்றும் அக்ரிலிக்,
நிறமில்லாதது.
ஈறு நிறமும் இருந்தது. பகிடிக்குக் காட்டினேன்.
"வேண்டாம் மிஸ், அது என்னைக் கடிக்கும்."

தூளும் திரவமும் பிசைந்து, அச்சில் நெரித்து,
கொதிநீரில் அவித்து,
எண்ணூறாம் நம்பர் தாள், ஆயிரத்து இருநூறு,
பிறகு சீலையும் வெள்ளைக் களிம்பும்.
பித்தளைக் கம்பியைத் தலை விரிய விரியத் தட்டினேன்;
மேல்வீட்டு லூர்துநாயகி
தும்புத்தடியால் நிலத்தில் இடித்தாள்.
அவளுக்கும் சேர்த்து இரண்டு தட்டு.

மடித்துப் பார்த்தார் ஸல்டின்.
"எல்லாம் தெரியுதே."
குறையாகத்தான் சொன்னார்.
தழும்பும் தெரிந்தது, ஒவ்வொன்றாக.
தெரியட்டும் என்றுதான், என்றேன்.
காசை எண்ணி வைத்தார். கட்டைகளைத் திருப்பிக் கேட்கவில்லை.
அலுமாரியில் மேல்தாடைகளோடு இருக்கின்றன.

ஐப்பசி மழையில் போன்.
"ஆணிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. கடுகளவு."
நேற்று?
"நேற்று இல்லை."
துடையுங்கள், ஒரு சொட்டு எண்ணெய்,
இரவில் மடிக்காமல் வையுங்கள்.
"இப்ப முகத்துக்கு?"
முகத்துக்கு ஒன்றும் வராது, எடுங்கள்.
போனை ஸ்பீக்கரில் போட்டார் போல.
குழாய்த் தண்ணீர் ஓடி நின்றது.
பிறகு ஒரு சுரண்டல், மெதுவாக, கீழிருந்து மேலே.
அவர் கதைக்கவில்லை.
நானும் பேசாமல் இருந்தேன்,
கழுத்து முடியும் வரைக்கும்.