கூட நான்கு லிட்டர்

புதுவயல் எடைமேடையில்
இருபது கிலோ கூட என்றாள் பவுலின்மேரி.
ஒரு மூட்டையை இறக்கிய பிறகுதான்
சீட்டில் முத்திரை விழுந்தது.
ரைஸ்மில் உமி காற்றில் வந்து
கழுத்து வியர்வையில் ஒட்டி அரித்தது.

அரிசிக்கு அவ்வளவு கறார்.
அதே மேடையின் ஓரத்தில்
அப்போதுதான் அணைத்த எஞ்சினிலிருந்து
அளவுகம்பியை உருவினேன் நான்.
ஆயில் இன்னும் மேலேதான் இருந்தது,
வால்வுகளில், வழிகளில்,
சந்தை முடிந்தும் வீடு திரும்பாத கூட்டம்போல.
கீழ்க்கோட்டுக்கும் கீழே காட்டியது கம்பி.
கம்பி பொய் சொல்லவில்லை.
கேட்ட நேரம்தான் தப்பு.

தெரியாதவனா?
பதினாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன்.
ஆனால் என் முதல் வண்டி
திருமயம் அருகே ஆயில் வற்றி இறுகி நின்ற ராத்திரி
இன்னும் என் காதில் இருக்கிறது.
குறைவைப் பார்த்தவனுக்குக்
கை நிற்காது.

ஏகாம்பரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
புனலைப் பிடிடா என்றேன்.
பிடித்தான்.
கேன் காலியாகும்வரை பிடித்தான்.
அவனும் காலையில் ஊற்றியிருந்தான் என்பது
மறுநாள்தான் தெரிந்தது.

கண்டனூர் தாண்டும்போது
பிரஷர் முள் நடுங்கியது.
பிறகு இழுவை சோர்ந்தது.
பிறகு, நான் காலை எடுத்த பின்னும்,
வண்டி தானாக வேகம் பிடித்தது.

கிளட்சை மிதித்தேன், ஏறியது சத்தம்.
ஓரம்கட்டினேன், இன்னும் ஏறியது.
சாவியைத் திருப்பி உருவிவிட்டேன்.
சாவி என் உள்ளங்கையில்.
எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது.

இனி அதற்கு டீசல் வேண்டாம்.
நான் ஊட்டியதையே தின்று
ஓடிக்கொண்டிருந்தது.

நீலப்புகை ரோட்டை மூடியது.
பெரிய வீடுகளைப் பார்க்க வந்த வேன் ஒன்று நின்று
எங்களைப் படம் எடுத்தது.
"கொப்புடையம்மன் துணை" மட்டும்
புகைக்கு மேலே தெரிந்தது.

ஏகாம்பரம்தான் குதித்தான்.
சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையில்
இடுப்புக் கைலியை அவிழ்த்துச் சுற்றி
காற்று இழுக்கும் வாயில் அழுத்தி,
அரைக்கால் டிராயரோடு
முழு உடம்பையும் சாய்த்து நின்றான்.
கைலியில் பாதியை உள்ளே இழுத்தது.
திணறியது, உதறியது,
நின்றது.

அப்புறம் அந்த அமைதி.
ஒரு மயில் எங்கோ கத்தியது.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஜபருல்லா அடிமூடியைத் திறந்தபோது
ஆயில் ஆயிலாக வரவில்லை.
டீ ஆற்றுகிற மாதிரி நுரை.
கிராங்கு இதிலே முங்கிக் கடைஞ்சிருக்கு, என்றான்.
பேரிங்குக்குப் போனது காத்துதான்.
சீல் எல்லாம் பிதுங்கிப்போச்சு.
மிச்சம் மூச்சுக்குழாய் வழியா ஏறி
எஞ்சின் வாய்க்கே போயிருக்கு.
அளவுக்கு மிஞ்சினா, என்று ஆரம்பித்தான்.
பழமொழி வேண்டாம், பில்லைச் சொல் என்றேன்.

இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம்.
அரிசி வேறு லாரியில் மதுரைக்குப் போனது.
ஃபைனான்ஸ்காரன் தேதி மாற்றவில்லை.
ஏகாம்பரத்துக்கு ஒரு கைலி வாங்கிக் கொடுத்தேன்,
கட்டம் போட்டது, பச்சை.
அவன் விலையைப் பார்த்துவிட்டு
எதற்கண்ணே இவ்வளவு என்றான்.

கம்பியில் இரண்டு கோடு.
இடையில் என் கட்டைவிரல் அகலம்.
இப்போதெல்லாம் அணைத்துவிட்டு
ஒரு டீ முழுவதும் குடிக்கிறேன்.
க்ளாஸ் காலியானதும் எழுந்திருக்கிறேன்.
எழுந்ததும் முதலில்
அவனைக் கேட்கிறேன்,
நீ ஊத்தினியா?

இல்லை என்கிறான்.
கை இன்னும்
கேனைத் தேடுகிறது.