இருட்டறையில் ஒரு நேர்முகம்

ஃபிலிம் கழுவுவது நின்று ஆறு வருடம்.
இப்போது அந்த அறையில்
காலாவதியான சேலைன் பெட்டிகள்,
ஒரு சில்லு கழன்ற தள்ளுவண்டி.
வாழைச்சேனை ஆஸ்பத்திரியில்
சத்தம் நுழையாத இடம் அது ஒன்றுதான்.
டை கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்தேன்.
கீழே சாரமில்லை, காற்சட்டைதான்.
"எழும்பச் சொன்னா என்ன செய்வீங்க?"
என்று கேட்டிருந்தாள் சுகிர்தமலர்.

திரையில் இரண்டு பேர், அயர்லாந்து.
அவர்களுக்குப் பகல் சாப்பாடு முடிந்த நேரம்.
எனக்கு ஏழரை, மாரி மழை.

"இயந்திரம் பழுதானால் என்ன செய்வீர்கள்?"

பத்தொன்பது வருடத்தில்
வேறெதையும் நான் இவ்வளவு செய்ததில்லை.

ஏசி செத்த சித்திரையில்
மேசை விசிறியைக் கயிற்றால் கட்டி
ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே
நூறு எண்ணியது.
கசெட் இரண்டே மிஞ்சிய மாதம்
புணானையில் யானை தூக்கியெறிந்தவனின் இடுப்பை
ஒரே தரத்தில், பிசகாமல் எடுத்தது.
படம் வருமுன்னே
மூச்சு இழுக்கிற விதத்தில்
எந்த விலா என்று பிடித்தது.
கொழும்பிலிருந்து என்ஜினியர் வரப் பதினொரு நாள்.
அந்தப் பதினொரு நாளும்
வாங்கில் ஆள் குறையவில்லை.

ஏஜென்சிப் புள்ள பாடமாக்கித் தந்ததைச் சொன்னேன்:
"பொறியியல் பிரிவுக்கு அறிவித்து,
நோயாளியை அடுத்த அறைக்கு மாற்றுவேன்."

அடுத்த அறை.
சொல்லும்போதே அது எனக்குத் தெரிந்தது.
வெள்ளைச் சுவர்,
பிளாஸ்டிக் உரிக்காத திரை,
ஒருவரும் குந்தாத கதிரை.

நல்ல பதில் என்றார்கள். எழுதிக்கொண்டார்கள்.
தொடக்க நிலைச் சம்பளம்,
ஆறு மாதம் மேற்பார்வையில்.
நாற்பத்தாறு வயது மனது
அதைக் கேட்டுக் கொஞ்சம் சுருங்கியது;
பிறகு ரூபாயில் பெருக்கியது,
நம்பாமல் இன்னொரு தரம் பெருக்கியது.

"எங்களிடம் கேட்க ஏதும் உண்டா?"

ஒன்றுமே பழுதாகாத நாளில்
பின்னேரம் வரை கைகளை
எங்கே வைத்திருப்பீர்கள் என்று
கேட்க நினைத்தேன்.
லீவு எத்தனை நாள் என்று கேட்டேன்.

கதவில் தட்டல். ரிஃபாயா.
"சேர், மெசின் திரும்பவும் நிண்டிட்டு.
ஓட்டமாவடி எக்ஸிடென்ட், மூணு பேர்."

அவர்களிடம் நன்றி சொல்லி மூடினேனா,
நினைவில்லை.
டைக்கு மேலேயே ஈய அங்கியை மாட்டிக்கொண்டு
விசிறி எங்கே என்று கத்தினேன்.